பலகை தந்தவரும் பலகை இழைத்தவரும்

பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்குச் சேதுநாட்டு வரலாறு தொடர்பான கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று பலநாள் எண்ணினேன். சேதுபதி மன்னர்களைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். இராமேசுவரத் திருக்கோயிலைப் பற்றி எழுதுவோரும் உளர். இறுதியில், திங்கள்தோறும் நாம் சுற்றியமர்ந்து கவிதை படிக்கும் நம் மேசையைப் பற்றியே எழுதுவதென்று துணிந்தேன். மேசைக்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மேசை கடையில் வாங்கியதன்று. நம் முதலாண்டு விழாவின்போது, நமக்கென்றே அளவெடுத்துக் கையால் செய்து அன்பளிப்பாகத் தரப்பெற்றது. செய்தவர் கடற்கரையில் படகு கட்டும் தச்சர். இத்தகைய தச்சரை நம் பகுதியில் ஓடாவி என்பர். அவரும் நம் கூட்டங்களுக்கு வருவார். பின்னால் தூணோரம் அமர்ந்து கேட்பார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார். ஒருநாள் மட்டும், "எல்லாரும் தொடையில தாளை வச்சு எழுதுறீகளே ஐயா, ஒரு மேசை செஞ்சு தரட்டுமா?" என்று கேட்டார். மரத்துக்கான செலவை மற்றோர் அன்பர் ஏற்றுக்கொண்டார். இரண்டு திங்களில் மேசை வந்து சேர்ந்தது.

அவ்விழாவின் நன்றியறிக்கையை எழுதியவன் நான். மண்டபம் தந்தவர், ஒலிபெருக்கி தந்தவர், தேநீர் வழங்கியவர், அழைப்பிதழ் அச்சிட்டவர், மேசைக்கு மரம் வாங்கித் தந்தவர் ஆகிய அனைவர் பெயரும் அதில் உண்டு. மேசையைச் செய்தவர் பெயர் இல்லை. வேண்டுமென்று விட்டதன்று, நினைவிலேயே எழவில்லை. நாங்கள் அனைவரும் அவரை "ஓடாவியாரே" என்றுதான் அழைத்தோம். பெயர் சொல்லி அழைக்கும் தேவையே எங்களுக்கு நேரவில்லை. ஒருவருடைய தொழிற்பெயரே அவருடைய இயற்பெயரை மறைத்துவிட்டது. இப்பிழை என் ஒருவனுடையதா, அல்லது வரலாற்றின் நெடுநாளைய பழக்கமா என்ற வினா அன்று முதல் என்னைத் தொடர்ந்து வருகிறது.

சங்கப் பலகை

தமிழ்ப் புலவர்க்கு மரத்தால் ஆகிய அன்பளிப்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சங்கப் பலகையே. சங்கப் புலவர் நாற்பத்தெண்மரும் புலமையின் தகுதியை அறியும் கருவி ஒன்று வேண்டுமென வேண்ட, ஆலவாய் இறைவனே புலவர் வடிவில் வந்து ஒரு பலகையைத் தந்தான் என்று பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. அளவோ ஒரு சாண். தகுதியுடையார் ஒருவர் ஏறியமரும்தோறும் அது ஒருவருக்கு இடம் தரும் அளவு வளரும். இது புராணச் செய்தியே ஆயினும், புலவர் கூட்டம் ஒன்றுக்கு முதலில் வேண்டுவது சேர்ந்தமர ஓர் இடம் என்னும் உண்மையை இக்கதையைக் காட்டிலும் அழகாகச் சொன்னது வேறில்லை.

இக்கதையில் ஒன்றை நான் நெடுங்காலம் கவனிக்கவில்லை. பலகை தந்தவன் இறைவன், பெற்றவர் புலவர், சாட்சியாக நின்றவன் பாண்டியன். மரம் அறுத்தவர், இழைத்தவர் என எவரும் கதையில் இல்லை. தெய்வம் தந்த பொருளுக்குத் தச்சன் எதற்கு என்று கேட்கலாம். மனிதர் தந்த பொருள்களின் வரலாறும் இதே அமைப்பில்தான் சொல்லப்படுகிறது என்பதே என் கவலை.

அச்சங்கத்தை மீண்டும் உருவாக்க முனைந்தவர் நம் மண்ணைச் சேர்ந்தவர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. இராமநாதபுரம் அரச குடும்பத்தினரும் பாலவநத்தம் ஜமீன்தாருமான பொ. பாண்டித்துரைத் தேவர், பாஸ்கர சேதுபதியின் துணையோடு 1901ஆம் ஆண்டில் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். மறுஆண்டே "செந்தமிழ்" இதழ் தோன்றியது. ஏடுகள் தொகுக்கப்பெற்று, நூல்கள் பதிப்பிக்கப்பெற்றன. புலவர்க்கு மீண்டும் ஒரு பலகை இடப்பட்டது என்றே சொல்லலாம். புரவலரின் பெயரை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அச்சங்கத்தில் ஏடும் தாளும் விரித்து வைக்கப்பட்ட மேசைகளை இழைத்தவர் யார் என்று மட்டும் நாம் கேட்டதில்லை.

மேசை வந்த வழி

மேசை என்னும் பொருளும் சொல்லும் நம் கரைக்குக் கடல்வழி வந்தவை. போர்ச்சுகீசிய மொழியில் "மேசா" என்பதே தமிழில் மேசை ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்ச்சுகீசியர், மண்டபத்தை அடுத்த வேதாளையிலும் நிலைகொண்டிருந்தனர். அங்கே நடந்த மோதலில் அந்தோணி கிரிமினாலி என்னும் இயேசுசபைத் துறவி 1549இல் உயிர் நீத்தார். அவர்கள் வழியாக நம் பேச்சில் கலந்த சொற்களில் அலமாரியும் சாவியும் ஜன்னலும் உண்டு, மேஸ்திரியும் உண்டு. வீட்டுப் பொருள்களோடு, அவற்றைச் செய்விக்கும் தலைமைக் கைவினைஞனுக்குரிய சொல்லும் ஒரே கப்பலில் வந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

அதற்குமுன் நமக்கு மேசை இல்லாமற்போனது கைத்திறன் குறைவால் அன்று, தேவை இல்லாமையால். உண்பது தரையில் விரித்த இலையில். எழுதுவது பனையோலையில், ஓலையை இடக்கையில் ஏந்தி, வலக்கையில் எழுத்தாணி பிடித்து எழுதுபவனுக்கு அவன் கையே மேசை. தாளும் மையும் பரவியபோதுதான் தட்டையான, அசையாத பரப்பு ஒன்று தேவையாயிற்று. கணக்கர் தரையில் அமர்ந்தபடியே எழுதச் சாய்ந்த மூடியுடைய பெட்டிகள் வந்தன; பின்னர் நாற்காலியும் உயர்ந்த மேசையும் வந்தன. எழுத்தின் கருவி மாறியபோது தச்சனின் வேலையும் மாறியது.

ஆனால் மரப்பொருளை அன்பளிப்பாகச் செய்து தரும் வழக்கம் நமக்கு மிகப் பழையது. மணமக்களுக்குக் கட்டில், பிறந்த குழந்தைக்குத் தொட்டில், பெண்மகவுக்கு மரப்பாச்சி, புகுந்த வீடு செல்பவளுக்குப் பல்லாங்குழி என வாழ்வின் ஒவ்வொரு படியிலும் தச்சன் கைப்பட்ட பொருள் ஒன்று நம்மை வந்தடைந்தது. எங்கள் பாட்டியாரின் தலைமுறையில், தொட்டில் செய்த ஆசாரியார் இன்னாரென்று வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிவர். எழுதிவைக்க வேண்டிய தேவை இருந்ததில்லை; அவர் அடுத்த தெருவிலேயே இருந்தார். தெருக்கள் கலைந்தபோது பெயர்களும் கலைந்துபோயின.

மரமும் உப்பும்

நம் மேசையின் மேற்பலகை, பயன் முடிந்து கரையேற்றப்பட்ட வல்லம் ஒன்றின் பலகைகளால் ஆனது. கால்களும் சட்டங்களும் பூவரசு. புலவர்கள் தம் கவிதையை வைக்கும் பரப்பு எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்துகொள்வது நன்று.

கடல்நீரில் கிடந்த பலகை உப்பை உண்டிருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். எனவே அதை அப்படியே இழைத்து மேசை செய்தால் மழைக்காலத்தில் ஓதம் ஏறி மேற்பரப்பு வியர்க்கும், தாள் நனையும். ஓடாவியார் முதலில் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒரே ஓர் ஆணி உள்ளே மறைந்திருந்தாலும் இழைப்புளியின் வாய் முறியும். பின்னர்ப் பலகைகளை நல்ல தண்ணீரில் பலமுறை ஊறவைத்துக் கழுவினார். வெயிலில் உலர்த்தினால் வெடிக்கும் என்பதால் நிழலில், இடையிடையே குச்சிகள் கொடுத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றிக் காயவைத்தார். இரண்டு திங்களில் பெரும்பகுதி காத்திருப்பிலேயே கழிந்தது.

படகுப் பலகை வளைந்திருக்கும். அதனால் வளைவு குறைந்த நடுப்பகுதிகளை மட்டும் அறுத்தெடுத்து, விளிம்புகளை ஒன்றோடொன்று பொருந்த இழைத்துச் சேர்த்தார். கால்களைச் சட்டங்களோடு இணைத்தது துளையும் கழுந்துமாகவே. இரும்பாணி ஒன்றுகூட அடிக்கவில்லை. காரணம் கேட்டபோது, "உப்புக்காத்துல இரும்பு துருப்பிடிச்சு வீங்கும் ஐயா, வீங்கி மரத்தைப் பொளந்துரும். மர முளைன்னா மரத்தோடயே சேந்து விரியும், சேந்து சுருங்கும்" என்றார். படகு கட்டுபவரின் அறிவு அது. பூவரசைத் தேர்ந்ததும் அவ்வறிவே. கடற்கரையிலேயே வளர்ந்து உப்புக்காற்றுக்குப் பழகிய மரம். வைரம் பாய்ந்தால் எளிதில் சிதையாது.

மேசையின்மேல் ஆங்காங்கே காணும் கருநிறப் புள்ளிகளைக் குறையென்று கருதிய அன்பர்கள் உண்டு. அவை பழைய ஆணித் துளைகள். மரத்திலுள்ள துவர்ப்போடு இரும்பு கலந்து கருமை ஏறிய இடங்கள். துளைகளை மர முளையால் அடைத்த அவர், கறையைச் சுரண்டவில்லை. நம் கவிதைத் தாள்களுக்கு அடியில் ஒரு படகின் தழும்புகள் இருக்கின்றன.

மற்றொரு கடலில் மற்றொரு மேசை

படகின் மரம் மேசையாவதும், அம்மேசை அன்பளிப்பாவதும் நம் கரைக்கே உரிய நிகழ்ச்சி அன்று. உலகறிந்த மேசை ஒன்றின் வரலாறும் இத்தகையதே. வடதுருவக் கடலில் காணாமற்போன பிராங்ளின் குழுவினரைத் தேடி 1852இல் பிரிட்டன் அனுப்பிய கப்பல்களுள் ஒன்று "ரெசல்யூட்". பனிக்கட்டியில் சிக்கிய அக்கப்பலை 1854 மே மாதம் மாலுமிகள் கைவிட்டு வெளியேறினர். ஆளின்றி மிதந்து வந்த கப்பலை 1855 செப்டம்பரில், "ஜார்ஜ் ஹென்றி" என்னும் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர் புடிங்டன் கண்டெடுத்தார். அமெரிக்க நாடாளுமன்றம் அதை 40,000 டாலருக்கு வாங்கிச் செப்பனிட்டு, 1856இல் விக்டோரியா அரசியாருக்கு அன்பளிப்பாக அனுப்பியது.

1879இல் அக்கப்பல் உடைக்கப்பட முடிவாயிற்று. அதன் ஓக் மரத்தால் எழுதுமேசை ஒன்று செய்வித்து, 1880இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹேயசுக்கு அரசியார் அனுப்பினார். முன்னைய அன்பளிப்புக்கு அது மறுநன்றி. கென்னடி 1961இல் அதைத் தம் அலுவல் அறைக்குக் கொணர்வித்தார்; அதன்பின் தலைவர்கள் பலர் அதிலேயே அமர்ந்து கையெழுத்திட்டனர்.

அம்மேசையில் பதித்த பித்தளைத் தகட்டில் கப்பலின் கதை முழுதும் பொறிக்கப்பட்டுள்ளது. கைவிடப்பட்ட இடத்தின் அட்சரேகை உண்டு. கண்டெடுத்த புடிங்டன் பெயர் உண்டு. கொடுத்தவர் அரசியார், பெறுபவர் குடியரசுத் தலைவர் என்ற குறிப்பும் உண்டு. செய்த தச்சரின் பெயர் இல்லை. சாத்தம் கப்பற்கட்டுந்துறையில் பணியாற்றிய வில்லியம் எவெண்டன் என்பவரே அதைச் செய்தார் எனப் பின்னாளில் தேடியவர்கள் குறிப்பிடுகின்றனர். பேரரசின் நன்றியறிக்கையும் என் நன்றியறிக்கையும் ஒரே பிழையைச் செய்திருக்கின்றன என்று அறிந்தபோது எனக்கு ஆறுதல் தோன்றவில்லை.

நம் கண்முன்னரே இதற்குச் சான்று உண்டு. இராமேசுவரத் திருக்கோயிலின் மூன்றாம் பிராகாரத்தை ஒருமுறையேனும் வியக்காதவர் நம்முள் இலர். 18ஆம் நூற்றாண்டில் அதை நிறைவு செய்த சேதுபதி மன்னர்க்கு அங்கே உருவச்சிலை உண்டு. அத்தனை தூண்களையும் செதுக்கிய கைகளுக்குத் தூண்களே சிலை என்று சொல்லி நாம் அமைதியடைகிறோம்.

பிழைத்த பெயர்கள்

ஆயினும் எல்லாக் காலத்தும் எல்லாரும் மறந்தனர் என்று சொல்வது பொய்யாகும். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சரின் பெயர் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்பதை நாம் அறிவோம். அறிவதற்குக் காரணம், அக்கோயிலின் கல்வெட்டிலேயே அவர் பெயர் இருப்பது. மன்னனின் பட்டப்பெயரே தச்சனின் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. கொடுத்தவன் தன் பெயருக்கு அருகே செய்தவன் பெயருக்கு இடம் தந்ததால் கொடையின் புகழ் குறைந்துவிடவில்லை.

சங்கப் புலவர் வரிசையிலும் கைவினைஞர் உளர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்றும், மதுரைப் பெருங்கொல்லன் என்றும் தொழிலோடு சேர்ந்த பெயர்களைத் தொகுத்தவர்கள் காத்து வைத்தனர். அதியமானின் வாயிலில் நின்று தன் மதிப்பை எடுத்துரைத்த ஒளவையார், அங்கே புலமைக்கு உவமையாகக் கொண்டது தச்சர் வீட்டுப் பிள்ளைகளின் கைத்திறனையே. உளி பிடித்தவனும் எழுத்தாணி பிடித்தவனும் ஒருவருக்கொருவர் அயலாராக அன்று இருந்ததில்லை.

நம் காலத்துச் சான்றும் ஒன்று உண்டு. இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகரை ஏற்றிச் செல்ல, ஜைனுலாபுதீன் என்பவர் கடற்கரையில் மரப்படகு ஒன்றைக் கட்டினார். உறவினரான அகமது ஜலாலுதீன் துணைநின்றார். பலகைகளை விறகுத் தீயின் வெம்மையில் பதப்படுத்தினர். அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மகனுக்கு அப்போது ஆறு வயது. பின்னர் ஒரு புயல் அப்படகைக் கொண்டுபோயிற்று. ஆயினும் கட்டியவரின் பெயர் இன்று உலகெங்கும் தெரியும். ஏனெனில் அம்மகன் அப்துல் கலாம். 1999இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் அதை எழுதிவைத்தார். அதே கடற்கரையில் அதே காலத்தில் படகு கட்டிய ஏனையோரின் பெயர்களைச் சொல்ல நூல் இல்லை. படகுகள் வேறுபட்டதால் வந்த வேறுபாடன்று இது. பார்த்தவன் எழுதினானா இல்லையா என்பதால் வந்தது.

இதுவே நான் கண்ட முடிவு. மரம் செய்தவனை மறக்கவில்லை. அவன் உளி சென்ற தடம் அதில் இருக்கிறது. பெயரைக் காக்கும் பொறுப்பு எழுதுகிறவனுடையது. அப்பொறுப்பில் தவறுகிறவனும் அவனே. செத்தும் கொடுத்த சீதக்காதி என்று கீழக்கரை வள்ளலை இன்றும் பேசுகிறோம் என்றால், அது புலவர்கள் பாடியதால். பாடும் ஆற்றல் உடைய நாம் கொடுத்தவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று எந்த இலக்கணமும் விதிக்கவில்லை.

ஒரு வேண்டுகோள்

ஓடாவியார் இரண்டாண்டுகளுக்கு முன் காலமானார். பேருந்து நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலித் தாளில் அவர் படத்தைக் கண்டு நின்றேன். அதன் கீழேதான் அவருடைய முழுப்பெயரை முதன்முதலாகப் படித்தேன். எட்டாண்டுகள் அவர் செய்த மேசையில் எழுதியவன் அவர் பெயரைச் சுவரொட்டியில் தெரிந்துகொண்டேன்.

சென்ற ஆண்டு வட்டம் புதிய இடத்திற்கு மாறியபோது மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தூக்கினோம். ஒவ்வொரு காலின் தலைப்பிலும், அது பொருந்தும் சட்டத்திலும், இணையான உளிக்கோடுகள் இருந்தன. ஒன்றுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு. எந்தக் கால் எந்தத் துளைக்கு என்று தச்சர் தமக்காக இட்டுக்கொள்ளும் குறி அது. அருகே பென்சிலால் அளவுகள். அவ்வளவே. பெயர் இல்லை. அவரும் எழுதிக்கொள்ளவில்லை; நாமும் எழுதவில்லை.

அவருடைய மகனாரும் அதே தொழிலில் இருக்கிறார். அவரைச் சந்தித்து, பத்தாம் ஆண்டு விழா மலரில் தந்தையார் பெயரை அச்சிட விரும்புகிறோம் என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தாள்ல வர்றது அப்புறம் இருக்கட்டும் ஐயா. முதல்ல மரத்துல இருக்கட்டும். நானே வந்து வெட்டித் தர்றேன்" என்றார். ஆதலின் இக்கட்டுரையில் அப்பெயரை முந்திக்கொண்டு எழுதாமல் விடுகிறேன். இம்முறை விட்டது மறதியால் அன்று.

விழா நாளன்று காலை, கூட்டம் தொடங்குமுன், மேசையின் முன்சட்டத்தில் அப்பெயர் பொறிக்கப்பெறும். வட்டத்து அன்பர்களும் கவிஞர்களும் சற்று முன்னதாகவே வந்து உடனிருக்க வேண்டுகிறேன். அன்றைய நன்றியுரையை எழுதும் பணியையும் எனக்கே தர வேண்டுமென்று செயற்குழுவை வேண்டிக்கொள்கிறேன். முதல் வரி எதுவென்று நான் அறிவேன்.